சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி: பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியை எந்த ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினாலும் பட்டியல் முடியாமல் நீளும். இசைக்குழு நடத்துநர் கராயன் ஒருவரே இதை ஸ்டுடியோவில் ஏழு முறை பதிவு செய்திருக்கிறார். எது நல்ல பதிவு என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பெயர் வரும். பெயர் தெரிந்துவிடும், காரணம் தெரியாது. காரணத்தை நம் காதே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் நம்புகிற வழி ஒன்றுதான்: பதிவுகளை ஒப்பிடாதீர்கள், இடங்களை ஒப்பிடுங்கள்.

நாலு பகுதிகளாகச் சுமார் 45 நிமிடம் ஓடும் இந்த சிம்பொனியில் நடத்துநர் ஒரு முடிவு எடுத்தே தீரவேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. மற்ற இடங்களில் நல்ல இசைக்குழு இருந்தாலே வண்டி ஓடிவிடும். இந்த இடங்களில் ஓடாது. அவற்றை மட்டும் நாலு பதிவுகளில் மாற்றி மாற்றிக் கேட்டால், ஒவ்வொரு நடத்துநரும் இந்த இசையை என்னவாக நினைக்கிறார் என்பது வெளியே வந்துவிடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சைகோவ்ஸ்கியே இதை 1893 அக்டோபர் 28 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் முறையாக நடத்தினார். ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 6 அன்று, இறந்துபோனார். வயது 53. அன்றிலிருந்து இந்த சிம்பொனி அவருடைய மரண சாசனம் என்றே பேசப்படுகிறது. ஆனால் அவர் இதை எழுதத் தொடங்கியது அந்த ஆண்டு பிப்ரவரியில், ஆகஸ்டில் முடித்தும்விட்டார். சாகப்போகிறவர் எழுதிய கடிதமாக இதை வாசிப்பதா, தன் தொழிலின் உச்சத்தில் இருந்த ஒரு கலைஞர் கட்டிய கட்டுமானமாக வாசிப்பதா? பதிவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு நடத்துநர் சொல்லும் பதில்தான். நான் இரண்டாவது கட்சி. கீழே படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நாலு பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள்

நாலுக்கு மேல் வேண்டாம். ஒன்றுக்கொன்று நன்றாக விலகி நிற்கும் நாலாக இருந்தால் போதும். என் பரிந்துரை இது:

– எவ்கெனி ம்ராவின்ஸ்கி, லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக், 1960. டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனத்துக்காக வியன்னாவில் பதிவானது.
– லெனார்ட் பெர்ன்ஸ்டைன், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், 1986.
– வில்ஹெல்ம் ஃபுர்ட்வேங்லர், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1938.
– தியோடோர் கரென்ட்ஸிஸ், மியூசிக்ஏட்டர்னா, 2017இல் வெளியானது.

தேடும்போது நடத்துநர் பெயரோடு இசைக்குழுவையும் ஆண்டையும் சரிபாருங்கள். இது மிக முக்கியம். ம்ராவின்ஸ்கி இதே நிறுவனத்துக்கு 1956இல் மோனோவில் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) ஒரு பதிவு கொடுத்திருக்கிறார். பெர்ன்ஸ்டைன் 1964இல் இதே நியூயார்க் குழுவோடு வேறொரு பதிவு செய்திருக்கிறார். செயலிகள் ஆண்டைக் காட்டும் விதம் நம்பத்தக்கதல்ல. பதிவான ஆண்டுக்குப் பதிலாக மறுவெளியீட்டு ஆண்டைப் போட்டுவிடும். ஆல்பத்தின் உள்விவரத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. அட்டைப் படத்தை மட்டும் நம்பினால் ஒருவரைக் கேட்டுவிட்டு இன்னொருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

படி 2: கேட்கும் சூழலைச் சரிசெய்யுங்கள்

போன் ஸ்பீக்கரில் இந்த சிம்பொனியைக் கேட்க முடியாது. அது தொடங்குவதே டபுள் பாஸ்களின், அதாவது மிகத் தாழ்ந்து ஒலிக்கும் பெரிய தந்திக் கருவிகளின், மிக அடங்கிய ஒலியில். அதன் மேல் ஒற்றை பாஸூன், தாழ்ந்த குரலுள்ள மரக்குழல். போன் ஸ்பீக்கருக்கு அந்த அடி ஒலியைக் கொண்டுவரும் சக்தி கிடையாது. ஹெட்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபேனை அணைத்துவிடுங்கள். மேலே சுற்றும் ஃபேனின் இரைச்சல் சரியாக அந்த டபுள் பாஸ்களின் மேல்தான் வந்து உட்காரும். இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு கேட்பது இன்னும் நல்லது.

அப்புறம் செயலியின் அமைப்புகளுக்குள் போய் ஒலியளவைச் சமன்படுத்தும் வசதியை அணையுங்கள். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டு திடீரென்று கத்தாமல் இருக்க அதை வைத்திருக்கிறார்கள். இங்கே அது பகை. அடங்கிய இடத்துக்கும் வெடிக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் நாம் அளக்கப்போகிறோம். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். மூன்றாம் பகுதி முடிந்து நான்காம் பகுதி தொடங்கும் இடைவெளியும் நமக்கு வேண்டிய தகவல்.

ஒலியளவை ஒருமுறை வைத்தபின் தொடாதீர்கள். தொடக்கம் கேட்கவில்லை என்று ஏற்றினால் பத்து நிமிடம் கழித்துக் காது வலிக்கும்.

படி 3: ஸ்கோரைத் திறந்து வையுங்கள்

ஸ்கோர் (எல்லாக் கருவிகளுக்கும் எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். இந்தப் படைப்பு காப்புரிமைக் காலம் முடிந்தது, ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போதைக்கு மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். பக்கத்தின் மேலே இருக்கும் இத்தாலிய வேகச் சொற்கள். அவற்றின் பக்கத்தில் இருக்கும் மெட்ரோனோம் எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது; சைகோவ்ஸ்கி ஒவ்வொரு வேக மாற்றத்துக்கும் எண் கொடுத்திருக்கிறார். மூன்றாவது, ஒலி எவ்வளவு அடங்க வேண்டும், எவ்வளவு உயர வேண்டும் என்று காட்டும் 'பி', 'எஃப்' எழுத்துகள்; 'பி' கூடக் கூட ஒலி அடங்கும், 'எஃப்' கூடக் கூட உயரும்.

போனில் ஒரு மெட்ரோனோம் செயலியும் போட்டுக்கொள்ளுங்கள். இசையோடு சேர்ந்து விரலால் தட்டினால் வேகத்தை எண்ணாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதற்கும், எழுதியிருப்பது நிமிடத்துக்கு 54 தட்டு, இவர் வாசிப்பது அதில் எவ்வளவு என்று கண்டு சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

படி 4: இடம் இடமாகக் கேளுங்கள்

ஒவ்வொரு இடத்தையும் நாலு பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கேட்டவுடன் ஒரு வரி எழுதி வையுங்கள். 'அழகு', 'உருக்கம்' என்று எழுதாதீர்கள். 'இங்கே வேகம் குறைந்தது', 'ட்ரம்பெட் எல்லாவற்றையும் மூடிவிட்டது' என்று, நடந்ததை எழுதுங்கள்.

*முதல் இடம்: ஆறு 'பி'யும் அதற்குப் பின் வரும் இடியும்*

முதல் பகுதியில், சாதாரண வேகத்தில் ஏறத்தாழ ஒன்பதாவது நிமிடத்தை ஒட்டி வரும். பெர்ன்ஸ்டைனிடம் இன்னும் தள்ளி வரும். இரண்டாவது மெட்டு மெல்ல மெல்ல அடங்கி ஒற்றை கிளாரினெட்டில் போய் நிற்கிறது. கடைசி நாலு சுரங்களை சைகோவ்ஸ்கி பாஸூனுக்குக் கொடுத்து அதன் கீழே ஆறு 'பி' போட்டிருக்கிறார். அடுத்த கணம் மொத்த இசைக்குழுவும் விழுகிறது.

பாஸூனில் அவ்வளவு தாழ்ந்த சுரங்களை அவ்வளவு அடக்கி வாசிப்பது மிகக் கடினம். அதனால் பல நடத்துநர்கள் அந்த நாலு சுரங்களை பாஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஸ்கோரில் பாஸ் கிளாரினெட் என்ற கருவியே கிடையாது. மாற்றினால் ஒலி வழுக்கிக்கொண்டு மறைகிறது. கிளாரினெட்டிலிருந்து கைமாறியதே தெரிவதில்லை. மாற்றாமல் விட்டால் கடைசி நாலு சுரத்தில் ஒரு சொரசொரப்பு வருகிறது, மூச்சு திணறுவதுபோல. எனக்கு பாஸூன்தான் வேண்டும். சிம்பொனி தொடங்கியது பாஸூனில். இங்கே அந்தக் குரல் திரும்ப வந்து அணைகிறது. மாற்றிவிட்டால் இந்த உறவு அறுந்துபோகிறது.

நாலு பதிவுகளிலும் எந்தக் கருவி என்று முதலில் கண்டுபிடியுங்கள். காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பிறகு அந்த இடிக்கு முன் நடத்துநர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள். காத்திருந்தால் நாமும் தயாராகிவிடுகிறோம், இடியின் பாதி பலம் போய்விடுகிறது. கரென்ட்ஸிஸ் அடங்கும் இடங்களைக் கேட்கும் எல்லைக்கே கொண்டுபோய்விட்டு வெடிக்கவிடுகிறார். படி 2இல் சொன்ன ஒலியளவு விஷயம் இங்கேதான் கைகொடுக்கும்.

*இரண்டாவது இடம்: அந்த வெடிப்பின் மறுபக்கம்*

இடி விழுந்த பிறகு தந்திக் கருவிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் நடுவே பித்தளைக் குழுவில் ஒரு பாட்டு கேட்கும். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் இறந்தவர்களுக்காகப் பாடும் 'புனிதர்களோடு இளைப்பாறச் செய்யும்' என்ற பாடல் அது. சிலர் அதை மேடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், சிலர் சந்தடிக்குள் போகவிடுகிறார்கள்.

இந்தப் பகுதிக்கு ம்ராவின்ஸ்கியை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கருத்து. அந்தக் கால லெனின்கிராட் இசைக்குழுவின் ஹார்ன்களிலும் ட்ரம்பெட்களிலும் ஓர் அதிர்வு இருக்கும். மேற்கத்திய ஐரோப்பியக் குழுக்கள் வாசிக்காத விதம் அது. தந்திகள் அந்த வேகத்திலும் ஒரு சுரம்கூடக் கலங்காமல் வருகின்றன. இது ஸ்டுடியோ வித்தையல்ல. ம்ராவின்ஸ்கி 1938 முதல் 1988இல் சாகும்வரை, ஐம்பது ஆண்டுகள், இந்த ஒரே குழுவைத்தான் வைத்துப் பயிற்றுவித்தார்.

இதற்குப் பின் வரும் உச்சத்தில் டிம்பனி (பெரிய அண்டா வடிவ முரசு) விடாமல் உருண்டுகொண்டிருக்க, டிராம்போன்கள் கீழே இறங்குகின்றன. ஃபுர்ட்வேங்லர் இங்கே வேகத்தை அகலமாக விரிக்கிறார். ம்ராவின்ஸ்கி பிடியைத் தளர்த்துவதில்லை. இருவரையும் அடுத்தடுத்து இரண்டு நிமிடம் கேட்டால் போதும். ஒருவருக்கு இது ஒரு மனிதன் படும் பாடு. இன்னொருவருக்கு அந்த மனிதன்மேல் வந்து விழும் ஒன்று.

*மூன்றாவது இடம்: எல்லோருக்கும் தெரிந்த மெட்டு*

முதல் பகுதியின் இரண்டாவது மெட்டை, சிம்பொனியே கேட்காதவர்களும் எங்காவது கேட்டிருப்பார்கள். முதலில் அது ம்யூட் (ஒலியை மங்கவைக்கும் சிறு அடைப்பு) போட்ட வயலின்களிலும் செல்லோக்களிலும் வருகிறது. உச்சத்துக்குப் பின் திரும்ப வரும்போது ம்யூட் இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறவர் ஸ்கோரைக் கவனிக்கவில்லை.

ஃபுர்ட்வேங்லர் பதிவில் வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிப் போவதைக் கேட்கலாம். நம் காதுக்கு ஜாரு போல இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் அதுதான் வழக்கம். பின்னால் மெல்ல மறைந்துபோனது. அந்தப் பழக்கத்தை முழு அளவில் கேட்க ஆசைப்பட்டால் வில்லெம் மெங்கல்பெர்க் ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபோ குழுவோடு 1937இல் செய்த பதிவுக்குப் போங்கள். இன்றைய ரசனைக்கு அது அதிகமாகத் தோன்றலாம். சைகோவ்ஸ்கி காலத்து வயலின்காரர்கள் இன்றைய வழக்கத்தைவிட அதற்கே நெருக்கமாக வாசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

*இரண்டாம் பகுதி*

ஐந்து தட்டில் ஆடும் வால்ஸ் இது. நடுவில் டிம்பனியும் தாழ்ந்த ஒலியுள்ள கருவிகளும் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். அந்தத் தட்டு மேலே ஓடும் மெட்டைத் தொந்தரவு செய்ய வேண்டும். வெறும் தாளமாகப் பின்னால் கிடந்தால் நடத்துநர் இந்தப் பகுதியை ஓய்வாக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

*நான்காவது இடம்: அணிவகுப்பு*

மூன்றாம் பகுதி தந்திகளின் சின்னச் சின்ன ஓட்டங்களில் தொடங்கி, முழு இசைக்குழுவின் அணிவகுப்பாக முடிகிறது. பாஸ் ட்ரமும் சிம்பலும் இங்கே மட்டும்தான் வருகின்றன. கச்சேரிகளில் இது முடிந்ததும் சிம்பொனியே முடிந்துவிட்டது என்று மக்கள் கைதட்டுவது சகஜம்.

கடைசி முறை அணிவகுப்பு முழு பலத்தோடு வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தந்திகளும் மரக்குழல்களும் மாற்றி மாற்றி மேலும் கீழும் வேகமாக ஓடும். அந்த இடத்தில் சிலர் வேகத்தைப் பிடித்து இழுத்து, அணிவகுப்பைப் பெரிய வெற்றியாக்குகிறார்கள். அப்படி இழுக்கச் சொல்லி ஸ்கோரில் எதுவும் இல்லை. ம்ராவின்ஸ்கி இழுப்பதில்லை. அணிவகுப்பு ஓர் இயந்திரம்போல நேராக வருகிறது. அதில் வெற்றி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகம் வந்தால்தான் அடுத்து வரும் பகுதிக்கு நியாயம் கிடைக்கிறது.

*ஐந்தாவது இடம்: நான்காம் பகுதியின் முதல் வரி*

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள். ஸ்கோரில் முதல் வயலின் வரியையும் இரண்டாம் வயலின் வரியையும் பாருங்கள். நாம் கேட்கும் மெட்டு இரண்டிலுமே இருக்காது. மெட்டின் ஒரு சுரம் ஒரு குழுவுக்கு, அடுத்த சுரம் மற்ற குழுவுக்கு என்று மாற்றி மாற்றிப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். தனித்தனியே வாசித்தால் இரண்டும் தாவித்தாவிப் போகும் விநோதமான வரிகள். சேர்ந்தால்தான் அந்த இறங்கும் அழுகை பிறக்கிறது. பின்னால் இதே மெட்டு திரும்ப வரும்போது முதல் வயலின்களே முழுசாக வாசிக்கின்றன.

இதனால் என்ன வித்தியாசம் என்பது உட்காரும் முறையைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டு வயலின் குழுக்களும் நடத்துநரின் இடமும் வலமுமாக எதிரெதிரே உட்காரும். இன்று பெரும்பாலும் இரண்டும் இடது பக்கமே சேர்ந்து உட்காருகின்றன. எதிரெதிரே உட்கார்ந்தால், ஹெட்போனில் மெட்டு இரண்டு காதுக்கும் நடுவே தடுமாறுவது தெரியும். திரும்ப வரும்போது ஒரே பக்கம் நிலைக்கும். ம்ராவின்ஸ்கி இந்தப் பழைய அமர்வையே வைத்திருந்தார். மிகைல் பிளெத்னெவ் ரஷ்ய தேசிய இசைக்குழுவோடு 1991இல் செய்த பதிவிலும் இதைக் கேட்கலாம். ஃபுர்ட்வேங்லர் பதிவு மோனோ என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

இப்போது வேகம். தொடக்கத்துக்கு எழுதியிருப்பது 54. தட்டிப் பாருங்கள். இந்தப் பகுதி பெரும்பாலான பதிவுகளில் 9இலிருந்து 11 நிமிடத்துக்குள் முடியும். பெர்ன்ஸ்டைன் 1986இல் 17 நிமிடத்தைத் தாண்டுகிறார். முழு சிம்பொனியும் அவரிடம் ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. ம்ராவின்ஸ்கியிடம் சுமார் 44 நிமிடம்.

பெர்ன்ஸ்டைன் செய்ததைத் தவறு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அந்தக் குழு அந்த வேகத்தில் வில்லைத் தாங்கிப் பிடிப்பதே பெரிய காரியம். உச்சத்துக்குப் பின் ஹார்ன்காரர்கள் கருவியின் விரிந்த வாய்க்குள் கையை அடைத்து வாசிக்கும் அந்தக் கரகரப்பான சுரங்கள் அவரிடம் பயங்கரமாக இருக்கின்றன. ஆனால் நடுவில் வரும் மேஜர் மெட்டுக்கு, வெளிச்சமான சாயலுள்ள மெட்டுக்கு, வாருங்கள். சைகோவ்ஸ்கி அங்கே நடையை வேகமாக்கி எழுதியிருக்கிறார். ஹார்ன்கள் கீழே நாடித்துடிப்புபோல ஓட, மெட்டு ஆறுதல் தேடி மேலே ஏற வேண்டும். பெர்ன்ஸ்டைனிடம் அது ஏறவில்லை, ஏற்கெனவே துக்கத்தில் கிடக்கிறது. ஆறுதல் என்ற ஒன்று வந்து கைவிட்டுப் போனால்தான் பின்னால் வருவது இழப்பு. இதனால்தான் அந்தப் பதிவை வியப்போடு கேட்டாலும் என்னால் அதை முதல் இடத்தில் வைக்க முடியவில்லை.

*ஆறாவது இடம்: டாம்-டாம்*

முழு சிம்பொனியிலும் டாம்-டாம் என்ற பெரிய உலோகத் தட்டை அடிப்பது ஒரே ஒரு முறை, அதுவும் மெதுவாக. உடனே டிராம்போன்களும் டியூபாவும் அடங்கிய குரலில் ஒரு பிரார்த்தனைபோல வாசிக்கின்றன. சில பதிவுகளில் அந்த அடி கேட்கவே கேட்காது. சிலவற்றில் அதன் அதிர்வு டிராம்போன்களுக்கு அடியில் நெடுநேரம் நிற்கும். அதற்குப் பின் வரும் முடிவுக்கு 'அந்தாந்தே ஜியூஸ்தோ' என்று எழுதியிருக்கிறார். சரியான, சீரான நடை என்று அர்த்தம். இங்கே இழுத்து இழுத்து நிறுத்துவது நடத்துநரின் விருப்பம், சைகோவ்ஸ்கி கேட்டதல்ல.

படி 5: நேரக் கணக்கை எச்சரிக்கையோடு பாருங்கள்

ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் நாலு பதிவுகளுக்கும் எழுதி வைப்பது நல்லதுதான். ஆனால் மொத்த நேரம் ஏமாற்றும். ஃபுர்ட்வேங்லர் ஓரிடத்தில் பாய்ந்து ஓரிடத்தில் நிற்பவர். கடைசியில் கணக்கு சராசரியாக வந்து நிற்கும். சீராகப் போகும் வேறொருவரின் கணக்கும் அதே எண்ணாக இருக்கலாம். கேட்டால் இரண்டும் வேறு வேறு உலகம். நேரத்தை எழுதினால் பக்கத்திலேயே, எங்கே வேகம் மாறியது என்றும் எழுதுங்கள்.

படி 6: இப்போது முழுசாகக் கேளுங்கள்

இடங்களை ஒப்பிட்ட அன்றைக்கே முழுப் பதிவைக் கேட்க வேண்டாம். காது இன்னும் வேட்டையிலேயே இருக்கும். ஓரிரு நாள் விட்டு, ஒரு இரவுக்கு ஒரு பதிவு என்று, ஸ்கோர் இல்லாமல் கேளுங்கள். குறிப்பில் உயர்வாக எழுதிய பதிவு முழுசாகக் கேட்கும்போது தொய்வதும், அங்கங்கே குறை கண்ட பதிவு உங்களைக் கட்டிப்போடுவதும் நடக்கும். அப்படி நடந்தால் முழுசாகக் கேட்ட அனுபவத்துக்கே மதிப்புக் கொடுங்கள். பிறகு குறிப்புக்குத் திரும்பி, எந்த இடத்தில் உங்கள் கணக்கு தவறியது என்று பாருங்கள்.

முடிந்தால் வீட்டில் யாரையாவது பதிவின் பெயரைச் சொல்லாமல் போடச் சொல்லுங்கள். பெரிய பெயர் கண்ணில் படும்போது காது பணிந்துபோகிறது.

படி 7: வட்டத்தை விரியுங்கள்

நாலும் பழகியபின் ஒரே நடத்துநரின் இரண்டு பதிவுகளை எடுங்கள். பெர்ன்ஸ்டைன் 1964, பெர்ன்ஸ்டைன் 1986: அதே மனிதர், அதே இசைக்குழு, நடுவே 22 ஆண்டுகள். பழையதில் நான்காம் பகுதி வழக்கமான வேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கராயனின் ஏழில் 1939, 1964, 1984 மூன்றை மட்டும் எடுத்தால் பதிவுத் தொழில்நுட்பம் வளர்ந்த கதையும் கூடவே கிடைக்கும்.

அடுத்து கிரில் பெட்ரென்கோ பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு 2017இல் நேரடி நிகழ்ச்சியில் நடத்திய பதிவு. உணர்ச்சியைக் குறைக்காமலே எழுதியதற்கு உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இன்றைக்குக் கிடைக்கும் நல்ல சான்று அது.

அதன் பின் ஃபெரென்ஸ் ஃப்ரிச்சாய், பெர்லின் ரேடியோ சிம்பொனி இசைக்குழு, 1959. கடும் நோயிலிருந்து எழுந்து வந்து இதைப் பதிவு செய்தார், 1963இல் இறந்துபோனார். பதிவு 1990களில்தான் வெளிவந்தது. நிதானமான நடை, ஆனால் எந்த இடத்திலும் மெட்டின் தொடர்ச்சி அறுவதில்லை. மெதுவாக எடுத்தும் நான்காம் பகுதியின் மேஜர் மெட்டை ஏறவிட முடியும் என்பதை இதில் கேட்கலாம். பெர்ன்ஸ்டைன் 1986ஐ வைத்துக்கொண்டு அந்த மெட்டை மட்டும் இரண்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்னது உங்கள் காதுக்கும் படுகிறதா, இல்லையா என்று எழுதி வையுங்கள்.